முருங்கைப் பிசினும் தம்பியின் மாத்திரையும்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசையில் இருந்த மற்ற எல்லா வீடுகளிலும் தாழ்ப்பாள் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அப்பா அதைக் கழற்றிப் பழைய ஆணிகள் போட்டு வைக்கும் டின்னில் போட்டுவிட்டார். தம்பிக்கு வலிப்பு வரும். உள்ளே விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் வாதம். அதனால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும்படி, குளிக்கிறவர் வாய் ஓயாமல் ஏதாவது பாட வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அம்மா தேவாரம் பாடுவார். நான் சினிமாப் பாட்டு. தம்பி மலாய்ச் செய்தி வாசிப்பான், வானிலை அறிக்கை உட்பட. அப்பாவுக்குப் பாட வராது, இருமுவார்.

தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். ஆசிரியர் பயிற்சி முடித்து, பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்து, பெட்டி படுக்கையோடு போனவன். போன சில வாரங்களிலேயே தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான நிபோங் திபாலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வலிப்பு வந்து விழுந்தான். யாரோ நல்லவர்கள் அவன் தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, தெளிந்ததும் தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குத் தகவலும் சொன்னார்கள். சின்ன வயதில் இரண்டொரு முறை வந்து, பிறகு விட்டுத் தொலைந்தது என்று நாங்கள் மறந்தே போயிருந்த வியாதி அது. அப்பா போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டியும் படுக்கையும் திரும்பி வந்தன.

மருத்துவ விடுப்பு கிடைத்தது. ஆனால் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். தொடர்ந்து ஆறு மாதம் வலிப்பு வராமல் இருந்தால்தான் அவன் தனியாகத் தங்கி வேலை பார்க்கலாம் என்று அவர் சொல்வார், இல்லாவிட்டால் மாட்டார். விடுப்போ அடுத்த ஜனவரியில் பள்ளி திறக்கும் வரைக்கும்தான். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்துவிடுவார். அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் தம்பிக்குத் தன் அலுவலகத்திலேயே எழுத்தர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு எழுத்தர் வேலை என்பது கோயில் பிரசாதம் மாதிரி, நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. தம்பிக்கு மட்டும் சொல்லத் தெரிந்தது. அவனுக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் வேண்டும். சில வாரங்களே பாடம் நடத்தியிருந்தாலும் ஒவ்வொரு பிள்ளையின் குறும்பையும் அவன் சொல்லிச் சொல்லிக் கேட்டு, முகம் பார்க்காமலே நாங்கள் அவர்களைத் தெரிந்துவைத்திருந்தோம்.

அதனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாமே அந்த மாத்திரையைச் சுற்றித்தான் நடந்தது. வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு போட்ட மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மருத்துவமனையில் மாதா மாதம் வாங்கி வந்ததும் அம்மா அதைக் கையில் வாங்கிக்கொள்வார். பிறகு அது அம்மாவின் இலாகா.

அம்மாவின் சாமி அலமாரி கூடத்து மூலையில் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே பிள்ளையார், முருகன், லட்சுமி படங்கள், ஒரு சின்ன வேல், செம்பு நிறையத் தண்ணீர், ஈரத்தோடு சாத்திய பூக்கள். செம்புத் தண்ணீரை அம்மா தினமும் காலையில் மாற்றுவார். மாத்திரைகளை எல்லாம் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் கொட்டி, மேலே ஒரு சிட்டிகை விபூதி தூவி, முருகன் காலடியில், செம்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவார். வேளை வந்ததும் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செம்புத் தண்ணீர் ஒரு வாயோடு தம்பிக்குக் கொடுப்பார். முதல் சில வாரங்கள் வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முருகன் பொறுப்பெடுத்துக்கொண்டார் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். பிறகு மறுபடி வந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கொஞ்ச நாள் அடங்கியது, மறுபடி வந்தது, மறுபடி கூட்டினார். கிண்ணத்தில் பழையது மிச்சமிருக்கும்போதே புதியது வந்து மேலே விழும். அம்மா விபூதியைக் கொஞ்சம் தாராளமாகத் தூவ ஆரம்பித்தார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் பேராசிரியை பினாங்குச் சீனப் பெண்மணி. எந்நேரமும் வாயில், சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்திய ஜாதிக்காய் ஊறலை அதக்கிக்கொண்டே இருப்பார். அதை அவர் கன்னத்தின் எந்தப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார் என்பதை வைத்தே அன்றைய மனநிலையைச் சொல்லிவிடலாம் என்று எங்களுக்குள் ஒரு சாஸ்திரம் இருந்தது. தண்ணீரில் கரைய முரண்டு பிடிக்கும் மருந்துகள் என்று சில பெயர்களைச் சொல்லி, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் தம்பியின் மாத்திரையும் இருந்தது. கார்பமஸெபின். வேறெதையும் காதில் வாங்காமல் அதுதான் வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். விழுங்கிய மாத்திரை வயிற்றுத் தண்ணீரில் கரைந்தால்தான் ரத்தத்தில் ஏறும். கரையாவிட்டால் அது மருந்தல்ல, கூழாங்கல். சில மருந்துகளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. பச்சைத் தண்ணீரில் கொட்டிய மாவு உள்ளே ஈரம் புகாமல் கட்டி கட்டியாக நிற்குமே, அந்த மாதிரி. அந்த மருந்தோடு தண்ணீரை விரும்பும் ஒரு பிசினைச் சேர்த்து அரைத்தால், பிசின் தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்து மருந்தையும் நனைத்துவிடும். அதற்கு சூடான் நாட்டிலிருந்து வரும் பிசினை வாங்கலாம் என்றார் பேராசிரியை. எனக்குள் ஒரு வீம்பு. எங்கள் பின்சந்திலேயே சாக்கடை ஓரம் முழுக்க முருங்கை நிற்கிறது, அதிலும்தான் பிசின் வடிகிறது என்றேன். ஊறல் வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குப் போனது. செய்து பார் என்றார்.

முருங்கைகளில் பெரியது பின்வீட்டு அக்காவுடையது. அவர்கள் தமிழ் முஸ்லிம்கள், அக்காவின் கணவர் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருந்தார். நான் கத்தியோடு போய் மரத்தின் பட்டையைக் கீறப் போகிறேன் என்றதும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். படிப்பு முற்றிப்போனால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பிசினுக்கு வரும்போதெல்லாம் ஒரு கட்டுக் கீரையும் பறித்துக்கொண்டு போக வேண்டும், மரம் அடங்காமல் வளர்கிறதாம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை சுண்டல், முருங்கைக்கீரைக் கூட்டு, முருங்கைக்கீரை ரொட்டி. பிசின் ஆராய்ச்சி முடிவதற்குள் தன் தலையில் முருங்கை முளைத்துவிடும் என்றான் தம்பி.

கீறிய இடத்தில் பிசின் முதலில் வெள்ளையாகத்தான் துளிர்க்கும். வெயில் பட்டுச் சிவந்து, பிறகு கருத்துக் கட்டியாகும். அதைச் சுரண்டி எடுத்து, பட்டைத் தூசு போகத் தண்ணீரில் ஊறவைத்து, அம்மாவின் பழைய மல் துணியில் வடிகட்டி, சாராயத்தில் திரிய வைத்து, உலர்த்தி, இடித்துச் சலிப்பேன். சலிப்பதற்கு ஆய்வுக்கூடத்துச் சல்லடை எப்போதும் யாரிடமாவது மாட்டிக்கொண்டிருக்கும். வீட்டு இடியப்ப மா அரிதட்டை எடுத்துக்கொண்டு போனதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு பாடுபட்டுப் பிசினையும் மருந்தையும் சேர்த்து அரைத்துத் தண்ணீரில் போட்டால், காரியம் கெட்டது. பிசின் ஊதிப் பெருத்து வழவழவென்று களியானது. மருந்து அந்தக் களிக்குள் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. சும்மா போட்டிருந்தால் கரைந்திருக்கும் அளவுகூடக் கரையவில்லை. பேராசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, மருந்தைப் பூட்டி வைக்க அருமையான வழி என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மரத்தின் மேல் கோபப்பட முடியாது, அவர் மேலும் முடியாது, அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா பிட்டுக்கு அரிசி மா வறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பிட்டுக்கு மா வறுத்துத்தான் ஆக வேண்டும். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், ஏன் வறுக்கிறீர்கள் என்று வம்புக்குக் கேட்டேன். வறுக்காவிட்டால் பச்சை மா தண்ணீர் பட்டதும் பிசுபிசுத்துக் களியாகிவிடும், வறுத்தால் தண்ணீரைக் குடித்தும் உதிரியாக நிற்கும், இதுகூடத் தெரியாமல் என்ன படிக்கிறாய் என்றார். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். களி என்ற அந்தச் சொல்லைத்தான் அன்று பகல் முழுக்க நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிசின் பொடியைத் தட்டில் பரப்பி, ஆய்வுக்கூடத்து உலையில் சூடேற்றினேன். அதிகம் சூடேற்றினால் கருகியது, கொஞ்சமாகச் சூடேற்றினால் பழையபடி களியானது. பதம் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. பதம் வந்த பொடி தண்ணீரைக் குடித்து ஊதியது, ஆனால் ஒட்டவில்லை. அதோடு மருந்தைச் சேர்த்து அரைத்து, உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீருக்குள் போட்டேன். கண்ணாடிக் குவளைக்குள் துடுப்பு மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுத்து எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று கருவியில் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்க அளவு ஏறிக்கொண்டே போனது. தலைகால் புரியாத சந்தோஷம். அன்று கீரையை நானே சமைத்தேன்.

இனி கடையில் விற்கும் சாதாரண மாத்திரையோடு இதை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டிய மாத்திரைகள் வந்தபாடில்லை. எனக்கு அவசரம். வீட்டில்தான் கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று அம்மாவிடம் கேட்டேன். சாமிக்கு முன்னால் வைத்ததைத் தண்ணீரில் போட்டுக் கரைப்பதா என்று முதலில் முகம் சுளித்தார். தம்பியின் நன்மைக்குத்தான் என்றதும், சிலவற்றைப் பொறுக்கி விபூதியோடு தாளில் மடித்துக் கொடுத்தார்.

விபூதியைத் துடைத்துவிட்டு ஒன்றைக் குவளைக்குள் போட்டேன். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. துடுப்பு சுற்றியது. மாத்திரை உடையவில்லை, உதிரவில்லை, ஓரம்கூடக் கரையவில்லை. பக்கத்துக் குவளையில் என் பிசின் மருந்து எப்போதோ கரைந்து முடிந்திருந்தது. இன்னொரு மாத்திரையைப் போட்டேன், அதுவும் அப்படியே. வரைபடத்தில் என் கோடு மலையேறியது, மாத்திரையின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் காட்டியதில்லை. பட்டம் கைக்கு வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

பேராசிரியை வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். வாயிலிருந்த ஊறலை எடுத்துத் தாளில் சுற்றி வைத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. இப்படிக் கரையாமல் கிடக்கிற மாத்திரையை எவனும் விற்க முடியாது, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன். வீட்டில் எங்கே என்றார். சாமி அலமாரி, வெள்ளிக் கிண்ணம், செம்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டிலும் ஊதுவத்தி மணக்கும் சாமி மாடம் உண்டு, அதனால் சிரிக்கவில்லை. இந்த மருந்து ஈரக்காற்றைக் குடித்தால் உள்ளேயே வேறு படிகமாக மாறி இறுகிப்போகும், அதற்குப் பிறகு அது கரைய மறுக்கும் என்று விளக்கினார். பிறகு, இதை யார் சாப்பிடுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

தம்பி என்றேன். நான் அந்த மருந்தையே கேட்டது ஏன் என்று அவர் புரிந்துகொண்டார். உடனே ஆளனுப்பி, மூடி முத்திரையிட்ட புதுப் புட்டியில் அதே மாத்திரையை வரவழைத்துக் குவளைக்குள் போடச் சொன்னார். அது கொஞ்ச நேரத்தில் பொடியாக உதிர்ந்தது. என் பிசின் மருந்தைவிடச் சற்றுத் தாமதமாக, ஆனால் ஒழுங்காகக் கரைந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இப்போது ஒரு விரல் நுழையும் இடைவெளிதான். மகத்தான கண்டுபிடிப்பு அன்று மாலைக்குள் சாதாரணக் கண்டுபிடிப்பாகிவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, வருத்தப்பட நேரமில்லை. இத்தனை மாதமாகத் தம்பி கல்லை விழுங்கிக்கொண்டிருந்தான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவே, அப்படியானால் மருந்து அவனைக் கைவிடவில்லை, மருந்து அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை என்றும் தோன்றியது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால் சந்தோஷத்துக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் தம்பியிடம்தான் சொன்னேன், பின்சந்தில் கீரை பறித்துக்கொண்டே. அவன் கிளையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். குதிப்பான் என்று நினைத்தேன். அவன் கவலை வேறாக இருந்தது.

"அம்மாகிட்ட எப்படிலா சொல்றது, அக்கா? அவங்க தாங்க மாட்டாங்க."

சொல்லாமலே சமாளிக்கலாம் என்பது அவன் திட்டம். இரண்டு பேரும் மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வலிப்பு அடங்கவில்லையே என்று அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். நல்ல மாத்திரையை அதே அளவில் கொடுத்தால் தலைசுற்றும், கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் என்று சொல்லி அளவைக் குறைத்தார். புதுப் புட்டியைக் கையில் கொடுத்து, எப்போதும் இறுக்க மூடி வைக்கச் சொன்னார். தம்பி வீட்டுக்கு வந்து, டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறார், புட்டியிலேயே இருக்கட்டுமாம் என்று அம்மாவிடம் கொடுத்தான். அம்மா தலையாட்டினார். பழைய மாத்திரைகளை ஒரு ஓரமாக ஒதுக்கினார், புட்டியின் மூடியைத் திருகினார், புதிய மாத்திரைகளைக் கலகலவென்று வெள்ளிக் கிண்ணத்துக்குள் கொட்டினார், விபூதி தூவினார். நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

சமாளிக்கிற வித்தை அதோடு முடிந்தது. நான் சமையலறைக்குப் போய் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து வந்து கூடத்து மேசையில் வைத்தேன். கிண்ணத்திலிருந்து பழைய மாத்திரை ஒன்று, புதியது ஒன்று. அம்மாவை உட்கார வைத்து, ஒவ்வொரு தம்ளரிலும் ஒன்றைப் போட்டேன். அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து வந்தார். கரண்டியால் இரண்டையும் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தேன். புதியது உதிர்ந்து தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. பழையது தம்ளரின் அடியில் டிங் டிங்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. செம்புத் தண்ணீரின் ஈரம் அதை இறுக்கிவிட்டது, இதுதான் தம்பியின் வயிற்றுக்குள்ளும் நடந்தது என்று எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

அம்மா கரண்டியை என் கையிலிருந்து வாங்கிப் பழையதை அழுத்திப் பார்த்தார். உடையவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப இத்தனை மாசமும் பிள்ளைக்கு மருந்து போக விடாம வச்சிருந்தது நான்தானா?"

"நீங்க இல்லம்மா. அந்தச் செம்பு தண்ணிதான். நீங்க ஒரு வேளைகூட மறக்காம குடுத்தீங்க, அது எனக்குத் தெரியும்லா," என்றான் தம்பி.

அம்மா எழுந்துபோய் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். கிண்ணத்தை வெளியே எடுத்தார். நாங்கள் நினைத்தபடி அழவில்லை. முருகனின் படத்தை நேருக்கு நேர் பார்த்து, "பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க, ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு சில நாட்கள் விளக்கு மட்டும் ஏற்றினார், பாடவில்லை. குளியலறையில்கூடத் தேவாரம் நின்றுபோய், அப்பாவைப் போல இருமிக்கொண்டே குளித்தார். சாமியோடு அவருக்கு இருந்த கோபத்தில் நாங்கள் யாரும் தலையிடவில்லை.

ஆனால் வேலையை உடனே ஆரம்பித்துவிட்டார். வீட்டிலேயே ஈரம் அண்டாத இடம் எது என்று எங்களைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பினாங்கு மழையில் பூஞ்சணம் பிடிக்காமல் பட்டுப் புடவைகளை வருஷக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருந்தவர். அந்தப் புடவை அலமாரியில், இறுக்கமான மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள், வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன் மேல் மருந்துப் புட்டியை வைத்தார். வேளை வந்ததும் ஒரே ஒரு மாத்திரையை எடுத்து, உலர்ந்த கையால் சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு கணம் காட்டிவிட்டுத் தம்பிக்குக் கொடுப்பார். கோபம் கோபமாக இருந்தாலும் அது மட்டும் நிற்கவில்லை. தம்பி கலியாணப் பட்டுக்கு நடுவில் தன் மருந்து குடியிருப்பதைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கெஞ்சினான்.

அப்போது ஜூன் முடியப்போகிறது. ஜனவரிக்கு ஆறு மாதம்தான் இருந்தது, ஒரு முறை வந்தால் எல்லாம் போச்சு. அந்த மாதங்களை நாங்கள் எப்படிக் கடத்தினோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தம்பி சற்று நேரம் பேசாமல் சுவரைப் பார்த்தால் அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கொட்டாவி விட்டால் அப்பா செய்தித்தாளை இறக்குவார். ஒரு நாள் சமையலறையில் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டு மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து ஓடினோம். எண்ணெய்க் கையோடு சம்பல் பாட்டிலைத் தூக்கியவன் அதை நழுவ விட்டுவிட்டு, கால் முழுக்கச் சம்பலோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வலிப்பு வரவில்லை. மழைக்காலம் வந்தது, தீபாவளி வந்தது, வலிப்பு வரவில்லை. அம்மா மறுபடியும் பாட ஆரம்பித்திருந்தார்.

நான் என் ஆய்வை எழுதி முடித்தேன். சூடேற்றிய முருங்கைப் பிசினோடு சேர்த்து அரைத்தால் மருந்து சாதாரண மாத்திரையைவிட ஓரளவு விரைவாகக் கரைகிறது என்பதுதான் முடிவு. உலகத்தைப் புரட்டிப் போடுகிற சங்கதி இல்லை. ஒப்பிட்ட மாத்திரைகளை எப்படிப் பத்திரப்படுத்தினேன் என்று மட்டும் பேராசிரியை என்னை மிக விரிவாக எழுத வைத்தார். தேர்வாளர் அந்தப் பகுதியைத்தான் பாராட்டினார். பின்வீட்டு அக்காவுக்கு என் மேல் வருத்தம், இனிமேல் கீரையை யார் பறிப்பது என்று. பட்டம் வாங்கியவள் வாரம் ஒருமுறை வந்து பறித்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்றார், நானும் போனேன்.

டிசம்பர் கடைசியில் டாக்டர் போகலாம் என்றார். மோட்டார் சைக்கிள் மட்டும் இன்னும் ஓட்டக்கூடாது, சக ஆசிரியரின் பின்னால் உட்கார்ந்து போகலாம் என்றார். எழுத்தர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன நண்பரிடம் அப்பாவே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. துணைக்கு யாரும் வரக்கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கடல் கடக்கும் ஃபெர்ரி வரைக்கும்கூட வேண்டாம், நான் சின்னப் பிள்ளை இல்லை என்றான். வாசலில் நின்று கையசைத்தோம். அவன் தெரு முனையில் திரும்பும்வரை அம்மா கையை இறக்கவில்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார், அரிசி விலை, அக்கம்பக்கத்துக் கலியாணம், என்னுடைய கலியாணம், எல்லாம்.

பள்ளி திறந்த அன்று நாங்கள் எல்லோரும் சும்மா இருப்பது போல நடித்துக்கொண்டிருந்தோம். அப்பா ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அம்மா டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார், அந்த அரிசியில் கல்லே கிடையாது. மாலையில் டெலிபோன் அடித்தபோது நான்தான் பாய்ந்து எடுத்தேன். தோட்டத்து மளிகைக் கடையிலிருந்து பேசினான். பின்னால் மோட்டார்களின் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அவன் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. நாள் முழுக்கப் பேசிய தொண்டை.

"அக்கா, இன்னைக்கு ஒருத்தருமே என்னைக் கவனிச்சுக்கிட்டு இல்லலா. நான்தான் முப்பது பிள்ளைங்கள கவனிச்சுக்கிட்டேன்."

ரிசீவரை அம்மாவிடம் நீட்டினேன். மாத்திரை போட்டாயா, டின்னை மூடினாயா, தலை சுற்றுகிறதா என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்து நானும் அப்பாவும் நின்றோம். அம்மா ரிசீவரைக் காதில் வைத்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க சொல் பேச்சு கேட்டாங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார்.